பென்சில் கோடு போட்ட ஆறு நாற்காலிகள்

ரம்னிக்,
1996 மார்ச் 12

ஒலிம்பியாவுக்கு,

உன் அண்ணி ஸம்ஃபிரா எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தையாவது படித்துவிடு. உங்கள் முதியோர் இல்லத்துக்கு மூன்று தடவை போன் பண்ணினேன். மூன்று தடவையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். உன் அண்ணன் இலாரியேயின் நாற்பதாம் நாள் படையலில் நீ சொன்னதற்குப் பதில் சொல்ல இதை எழுதவில்லை. இதுவும் நாற்காலி விஷயம்தான். ஆனால் வேறு நாற்காலி.

போன மாதம் எங்கள் ஃபாக்டரியிலிருந்து உங்கள் சாப்பாட்டுக் கூடத்துக்கு நாற்பது நாற்காலி வந்ததே, கைப்பிடி வைத்தது, அதை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார். ஆறு நாற்காலியில், உட்காரும் பலகைக்கு அடியில், பின்பக்கச் சட்டத்தில் ஒரு பென்சில் கோடு இருக்கும். விரல் நீளம்தான். அந்த ஆறிலும் யாரையும் உட்கார விடாதே. எடுத்து ஒரு பக்கம் வைத்துவிடு.

எங்கள் சோதனை அறையில் மெஷின் ஓட்டுகிற தித்தி அண்ணனை உனக்குத் தெரியும். நேற்று வேறு லாட்டிலிருந்து ஒரு நாற்காலியை உடைத்துப் பார்த்தார். ஜனவரியில், அதே குளிர் வாரத்தில் ஒட்டியது. பின்காலைப் பிடித்து இழுத்தார். ஆடுகிற பல் மாதிரி கையோடு வந்துவிட்டது. பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி ஆகவேண்டும். இது உள்ளே கோதுமை மாவு மாதிரி வெள்ளையாக உதிர்ந்தது. “கேஸ் இல்லாத காலையில ஒட்டியிருக்கானுங்க. குளிர்ல பசை செத்துப்போச்சு” என்றார்.

உங்கள் நாற்பதையும் ஒட்டியது உன் அண்ணன். சோதித்து முத்திரை போட்டது நான். ஏழாம் எண் முத்திரை.

வயசானவர்கள் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். என் மேல் இருக்கிற கோபத்தை அவர்கள் மேல் காட்டாதே.

ஸம்ஃபிரா

*

டோப்ரெஷ்டி,
மார்ச் 18

ஸம்ஃபிரா அவர்களுக்கு,

அண்ணி என்று எழுதக் கை வரவில்லை.

என் அண்ணன் போய் நாற்பதாம் நாள், ஊரே கூடியிருக்கிறது. மேசை கொடுத்தீர்கள், தட்டு கொடுத்தீர்கள், அவன் கோட்டு, அவன் தொப்பி, அவன் ஷூ எல்லாம் கொடுத்தீர்கள். நாற்காலி எங்கே? பாதிரியார் சாம்பிராணிச் சட்டியோடு நின்று தேடுகிறார். இங்கே தானம் கொடுப்பதுதானே செத்தவனுக்கு அங்கே போய்ச் சேரும், நாற்காலி கொடுக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? நாற்காலி செய்தே தேய்ந்தவனுக்கு ஒரு நாற்காலி இல்லை! அவன் தன் கையாலே செய்தது ஜன்னல் பக்கத்தில் சும்மா கிடக்கிறது, அதைத் தொடக் கூட விடமாட்டேன் என்று குறுக்கே நின்றீர்கள். “என் அண்ணன் அங்க நின்னுக்கிட்டே சாப்பிடணுமா?” என்று கேட்டேன். இன்னொரு முறை கேட்கச் சொன்னாலும் கேட்பேன்.

இப்போது அவன் வேலையிலும் குற்றம் கண்டுபிடித்துவிட்டீர்கள். உயிரோடு இருந்தபோது “இலாரியே ஒட்டினதை யானை வந்தாலும் பிரிக்க முடியாது” என்று பெருமை அடித்துக்கொண்டது நீங்கள்தானே?

இங்கே ஒரு குறையும் இல்லை. இந்த இல்லத்தில் இருக்கிற நல்ல பொருள் அந்த நாற்காலிகள் மட்டும்தான். எங்கள் நிக்கா தாத்தா தன்னுடையதில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லை, சாப்பிடப் போகும்போது தொப்பியை வைத்து இடம் பிடிக்கிறார்.

ஒலிம்பியா

இந்த உறையை ஒட்டுவதற்கு முன்னால் போய்க் கவிழ்த்துப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நாற்பதில் ஆறில் கோடு இருக்கிறது. ஆறும் அவன் போட்டதுதான், பார்த்தாலே தெரிகிறது. எதற்குப் போட்டான்? நீங்கள் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள்.

*

ரம்னிக்,
மார்ச் 24

ஒலிம்பியா,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் போனவள் எழுதுவது, முன்னே பின்னே இருக்கும்.

எங்கள் ஃபாக்டரியில் ஒரு பழக்கம். ஒட்டுகிறவருக்கு ஒரு மூட்டின் மேல் சந்தேகம் வந்தால் வாயால் சொல்ல மாட்டார். சொன்னால் அன்றைக்கு முடிக்க வேண்டிய எண்ணிக்கை குறையும், மேஸ்திரி எல்லோரையும் திட்டுவார். அதனால் அடியில் ஒரு பென்சில் கோடு போட்டு விட்டுவிடுவார். சோதிக்கிறவளுக்கு அது போதும். மாதிரி எடுக்கும்போது கோடு போட்டதைத்தான் முதலில் எடுப்போம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி. இருபத்திரண்டு வருஷத்தில் நான் மீறியதில்லை.

ஜனவரி 17, புதன்கிழமை. உன் அண்ணன் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “காலையில கேஸ் வரலே. பத்து மணிக்குத்தான் ரூம் சூடாச்சு. அதுக்கு முன்னால ஒட்டினது எனக்குத் திருப்தியா இல்லே. ஆறுல கோடு போட்டிருக்கேன். பார்த்துக்கோ.”

“சூப்பு ஆறுது. முதல்ல சாப்பிடுங்க” என்றேன்.

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்திலேயே அவர் போய்விட்டார், அது உனக்குத் தெரியும்.

ஒன்பதாம் நாள் முடிந்து வேலைக்குப் போனேன். அந்த லாட் வந்து நின்றது. நாற்பத்து மூன்று. நாற்பது உங்களுக்கு, மூன்று சோதனைக்கு. இரண்டு மெஷினில் போகும். ஒன்றை உளியால் பிளந்து மூட்டுக்கு உள்ளே பார்ப்போம். சோதித்த நாற்காலி நல்லதானாலும் கெட்டதானாலும் விற்கக் கூடாது, பாய்லருக்குப் போய்விடும்.

முதல் கோட்டை எடுத்துக் கவிழ்த்தேன். அவர் இடது கைக்காரர் இல்லையா, அவர் கோடு வலப்பக்கம் ஆரம்பித்து இடப்பக்கம் போய், முனையில் சின்னக் கொக்கி மாதிரி திரும்பும். விரலை வைத்தேன். பென்சில் தூள் விரலில் ஒட்டியது. மனுஷன் மண்ணுக்குள்ளே போய்விட்டார், பென்சில் தூள் ஒட்டுகிறது. உளியை எடுத்தேன், கீழே வைத்தேன். மறுபடி எடுத்தேன்.

அன்றைக்கு தித்தி அண்ணன் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. ஆறையும் மற்றதோடு கலந்து அடுக்கிவிட்டேன். கோடு இல்லாத மூன்றை எடுத்தேன். மூன்றும் தேறின. முத்திரை போட்டேன்.

அவர் கை பட்டது ஆறாவது எங்கேயாவது முழுசாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அதில் யார் உட்காருவார்கள் என்று நினைக்கவே இல்லை. உங்கள் இல்லத்துக்குத்தான் போகிறது என்று தெரியும். அப்படியும் நினைக்கவில்லை.

ஜன்னல் நாற்காலியையும் இதனால்தான் கொடுக்கவில்லை. கஞ்சத்தனம் இல்லை ஒலிம்பியா.

இன்ஜினியரிடம் சொன்னால் முத்திரையைப் பிடுங்கிவிடுவார்கள். அதைவிட, இலாரியே ஒட்டியது பிரிந்துவிட்டது என்று கேன்டீனில் பேசுவார்கள். அதை என்னால் கேட்க முடியாது. என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ முதலில் அந்த ஆறையும் எடுத்துவிடு.

ஸம்ஃபிரா

*

டோப்ரெஷ்டி,
ஏப்ரல் 2

அண்ணி,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் கட்டு.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கே ஐந்து நாற்காலியைத் துணி அறையில் வைத்துப் பூட்டினேன். ஆறாவது நிக்கா தாத்தாவுடையது. டிராக்டர் ஓட்டினவர், நூற்றுப் பத்துக் கிலோ.

“தாத்தா, எழுந்திரிங்க. வேற நாற்காலி தர்றேன்.”

“எனக்கு எதுக்கு வேற? பொண்டாட்டியையே மாத்தலே நான்.”

“இது சரியில்லே தாத்தா.”

“நீதான் சரியில்லே. போய் சூப்பைக் கொண்டா.”

சரி, திங்கட்கிழமை அவர் குளிக்கப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பீன்ஸ் சூப்பு முடிந்து, வழக்கம் போல முன்கால் இரண்டும் தூக்க, மந்திரி மாதிரி சாய்ந்தார். நான் தட்டுகளோடு அவருக்குப் பின்னால். டக்கென்று ஒரு சத்தம்தான். அவர், நான், பதினொரு தட்டு, எல்லாம் ஒன்றாகக் கீழே.

பயப்படாதீர்கள், இடுப்பு தப்பித்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். என் மேல் விழுந்ததால் அவருக்கு ஒன்றும் இல்லை, எனக்குத்தான் சுளுக்கு. தரையில் கிடந்தபடியே, “எவன்டா என் நாற்காலியை அறுத்தது? சீட்டுல தோத்த மிஹாய்தானே!” என்று கத்தினார். கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பின்கால் என் கையில் இருந்தது. முளையைச் சுற்றி வெள்ளை மாவு. நீங்கள் எழுதின மாதிரியே.

அவன் உங்களிடம் சொன்னான், நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் என்னிடம் சொன்னீர்கள், நானும் முழுசாகக் கேட்கவில்லை. இனி உங்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

இப்போது ஒன்று கேட்கவேண்டும். எங்கள் டைரக்டர் ஃபாக்டரிக்குப் புகார் எழுதப் போகிறார். ஒட்டியது யார், சோதித்தது யார் என்று பெயரோடு பதில் வேண்டுமாம். பத்து நாள் பொறுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். நிக்கா தாத்தா ஆட்டி ஆட்டி உடைத்தார் என்று நான் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள், அவரைத் தவிர. மற்ற ஐந்தையும் சமையலறை அடுப்பில் போட்டுவிடுகிறேன். உங்கள் முத்திரையும் இருக்கும். அண்ணன் பெயரும் இருக்கும்.

ஒரு வார்த்தை எழுதுங்கள், செய்துவிடுகிறேன்.

ஒலிம்பியா

*

ரம்னிக்,
ஏப்ரல் 12

ஒலிம்பியா,

அடுப்பில் போடாதே. டைரக்டர் எழுதட்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருந்தேன். பொய் சொல்லவில்லை, முதல் நாள் ‘சரி, போட்டுவிடு’ என்று எழுதி உறையில் கூட வைத்தேன். பிறகு மற்ற முப்பத்து நாலை நினைத்தேன். பத்து மணிக்கு மேல் ஒட்டியது என்று உன் அண்ணன் சொன்னதுதான், நான் மூன்றைத்தான் பார்த்திருக்கிறேன். ஆறையே மறைத்தவள் பார்த்த மூன்றை வைத்து யாரை நம்பச் சொல்வது?

இன்ஜினியர் மனாய்லாவின் அறைக்குப் போனேன். முத்திரையை மேசை மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் அழுகை வந்தது, நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே அழுதேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“யாருக்காவது எலும்பு உடைஞ்சுதா?”

“இல்லே சார்.”

“அப்ப எதுக்கும்மா இவ்வளவு? ஒட்டினவர் தப்புன்னு எழுதிடலாம். பசை சரியாப் போடலே, அவ்வளவுதான். அவரை யாரும் ஒண்ணும் கேக்கப் போறதில்லே. உங்க முத்திரையை எடுத்து பாக்கெட்டுல வைங்க.”

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியவில்லை.

“அவர் கோடு போட்டாரு சார். கேஸ் இல்லாத குளிர்ல ஒட்டச் சொன்னது நீங்க. கோட்டைப் பார்க்காம விட்டது நான். இதுல தன் வேலையைச் சரியாச் செஞ்சது அவர் ஒருத்தர்தான். அவர் மேல எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

பேனாவைக் கீழே வைத்தார். “உக்காருங்க” என்றார். அப்போதுதான் நான் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது.

முடிவு இது. ஈஸ்டர் முடிந்ததும் நாற்பதையும் லாரியில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், உடைந்ததையும் சேர்த்து. கோடு போட்ட ஐந்தையும் சோதிப்பார்கள். மற்றதிலிருந்து மூன்று இல்லை, எட்டு எடுப்பார்கள். ஜூன் கடைசி வரைக்கும் எனக்கு முத்திரை கிடையாது. உப்புக்காகிதம் தேய்க்கிற பகுதிக்குப் போட்டிருக்கிறார்கள். மூக்கில் தூசி, விரல் நுனியில் ரேகையே இல்லை. ஆனால் பசை அறைச் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டிவிட்டார்கள். பதினைந்து டிகிரிக்குக் கீழே இருந்தால் பசை வாளியைத் திறக்கக் கூடாது என்று சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தினமும் காலையில் போய் அதைப் பார்த்துவிட்டுத்தான் தேய்க்க உட்காருகிறேன்.

கேன்டீனில் பேசினார்கள். என்னைப் பற்றித்தான். அவரைப் பற்றி இல்லை.

உன் கைக்கு முட்டைக்கோஸ் இலையைக் கட்டு. வீக்கம் குறையும்.

ஸம்ஃபிரா

*

டோப்ரெஷ்டி,
மே 6

அண்ணி,

லாரி வந்து போய்விட்டது. கூடம் காலியாகக் கிடக்கிறது, கல்யாணம் நின்றுபோன வீடு மாதிரி. எல்லோரும் பழைய பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து முனகுகிறார்கள். நிக்கா தாத்தா ஏற்றுகிறவரிடம் போய், “என் நாற்காலியை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறீங்க?” என்று கேட்டார். உங்கள் முத்திரை எண்ணை எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டார். “அந்த ஏழாம் நம்பர் அம்மாவை ஒரு தரம் வரச் சொல்லு, நேர்ல நாலு வார்த்தை திட்டணும்” என்கிறார். கோபமாக இல்லை. அவருக்குப் பேச ஆள் வேண்டும்.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்ன இடம் வந்ததும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நடந்தேன்.

நாற்பதாம் நாளில் நான் அப்படி எல்லோர் முன்னாலும் கத்தியிருக்கக் கூடாது. எனக்கு இருந்தது ஒரே அண்ணன். அடக்கத்தன்று நீங்கள் அழுதீர்கள், எல்லோரும் உங்களைத் தாங்கினார்கள். தங்கச்சியை யார் தாங்குவார்கள்? சாவுக்குப் படைக்கிற கொலிவாவைக் கிண்டினேன், கோதுமை அடி பிடிக்காமல் பார்த்துக்கொண்டேன், சர்க்கரையில் சிலுவை போட்டேன். நாற்பது நாள் கழித்து ஒரு நாற்காலியைச் சாக்கு வைத்து எல்லாம் வெளியே வந்துவிட்டது.

ஜன்னல் நாற்காலியை யாருக்கும் கொடுக்கவேண்டாம். அவன் உட்கார்ந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அவனுக்கு அங்கே உட்கார வேறு ஏதாவது வழி பார்ப்போம்.

ஜூலையில் ஆறாம் மாதப் படையல் வருகிறது. இங்கேயே வையுங்கள், எங்கள் கூடத்தில். சமையல் என்னுடையது. மணிக்கட்டு சரியாகிவிட்டது. முட்டைக்கோஸ் நாற்றம்தான் இன்னும் போகவில்லை.

உங்கள் ஒலிம்பியா

*

ரம்னிக்,
ஜூலை 3

ஒலிம்பியா,

சோதனை முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

மற்ற முப்பத்து நாலிலிருந்து எட்டு எடுத்தார்கள். எட்டும் நன்றாகத் தேறின. உன் அண்ணன் சொன்னது சரி, பத்து மணிக்கு மேல் ஒட்டியதில் பழுது இல்லை. மீதி இருபத்தாறும், புதிதாகச் செய்த பதினாலும் அடுத்த வாரம் உங்களுக்கு வரும்.

கோடு போட்ட ஐந்தை தித்தி அண்ணன் கடைசியாக வைத்திருந்தார். என்னைத் தேய்க்கிற பகுதியிலிருந்து கூப்பிட்டனுப்பினார். உளியை நீட்டினார்.

“இந்தா. இதை நான் பண்ணா நல்லாயிருக்காது.”

“எனக்கு முத்திரை இல்லையே அண்ணே.”

“முத்திரை நான் போட்டுக்கறேன். நீ பிளந்து பாரு. அவன் உன்னைத்தானே பார்க்கச் சொன்னான்?”

முதல் அடி சரியாக விழவில்லை. இரண்டாவது அடியில் பிளந்தது. உள்ளே வெள்ளை. அடுத்ததும் வெள்ளை. மூன்றாவதும் நாலாவதும் கண்ணாடி மாதிரி சுத்தம். மரம்தான் கிழிந்தது, பசை விடவில்லை. அவருக்குச் சந்தேகம், அவ்வளவுதான். சந்தேகப்பட்டதில் பாதி நல்லது. தித்தி அண்ணன், “பயந்தாங்கொள்ளி இலாரியே” என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். உடைத்த பிறகு நான் செத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன் ஒலிம்பியா. சாகவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, கோடு இருந்த சில்லுகளை மட்டும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐந்தாவதை மெஷினில் ஏற்றினோம். உட்காரும் இடத்தில் எடை இறங்கும், முதுகைப் பின்னால் தள்ளும், விடும். உங்கள் நிக்கா தாத்தா சாய்கிற மாதிரிதான், ஆனால் இருபத்தையாயிரம் தடவை. இரண்டு நாள் ஆகும். சாப்பாட்டு வேளையில் எல்லாம் போய் எண்ணைப் பார்த்தேன். பதினெட்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு கிறீச் சத்தம் வந்தது. மெஷினை நிறுத்தப் போனேன். “நாற்காலி இல்லே, என் மெஷின் பெல்ட்டு. எண்ணெய் கேக்குது” என்றார் தித்தி அண்ணன். இருபத்தையாயிரம் வந்ததும் மெஷின் தானாக நின்றது. நாற்காலியை எடுத்துச் சமதளத்தில் வைத்தோம். நாலு காலும் நின்றன. ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

விதிப்படி அது பாய்லருக்குப் போகவேண்டும். இன்ஜினியர் மனாய்லாவிடம் போனேன். “விக்கக் கூடாதுன்னுதானே சார் விதி? கொடுக்கக் கூடாதுன்னு இல்லையே?” என்றேன். அவர் வீட்டிலும் போன வருஷம் ஒரு சாவு. எதற்கென்று கேட்கவில்லை. வெளியே எடுத்துப் போக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆறாம் மாதத்துக்கு அந்த நாற்காலியைக் கொடுக்கிறேன். நிக்கா தாத்தாவுக்கு. உன் அண்ணன் நாற்காலியிலிருந்து விழுந்தவருக்கே கொடுத்தால்தான் சரி என்று தோன்றுகிறது. கொடுக்கும்போது மெழுகுவர்த்தியை நீ பிடி. அவர் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டு, ஆண்டவர் ஏற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லட்டும். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சாயட்டும்.

திங்கட்கிழமை முத்திரையைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் வேலையாக அந்த நாற்காலியைக் கவிழ்த்து, அவர் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் ஏழாம் எண் முத்திரையை வைத்து அழுத்தினேன். விற்பனைக்கு இல்லாததில் முத்திரை போடக் கூடாது. போட்டுவிட்டேன். பார்த்துக்கோ என்று சொன்னார். ஆறு மாதம் ஆகிவிட்டது, பார்த்துவிட்டேன்.

இதை ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் உயரம். கால் தரையில் முழுசாகப் படவில்லை. இத்தனை வருஷம் ஒரு தடவை கூட நான் அதில் உட்கார்ந்ததில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு யாரையாவது தள்ளுவண்டியோடு அனுப்பு. டிரைவரிடம் சொல்லிவிட்டேன், நாற்காலியைப் பின்பக்கம் வைத்துக்கொள்ளலாமாம். சந்தை நாள், கூட்டமாக இருக்கும், வழியெல்லாம் நின்றுகொண்டே வரப்போகிறேன் என்று கவலைப்படாதே. அதிலேயே உட்கார்ந்து வருவேன்.

அண்ணி